கணக்கில் இல்லாத காதுகள்

ஸ்டோரில் வேலை பார்க்கிறவன் செய்யக்கூடிய பாவங்கள் இரண்டே இரண்டுதான்: கேட்ட பொருள் இல்லாமல் இருப்பது ஒன்று, கேட்காத பொருள் இருப்பது இன்னொன்று. முதலாவதைச் செய்தால் ஃபோர்மேன் திட்டுவார், இரண்டாவதைச் செய்தால் மேனேஜர் திட்டுவார். இரண்டையும் ஒரே நாளில் செய்யவும் முடியும், நான் செய்திருக்கிறேன். உங்களில் யாராவது ஸ்டோரில் குப்பை கொட்டியவர்கள் இருந்தால் இதற்குள் தலையாட்டத் தொடங்கியிருப்பீர்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், திருவொற்றியூரில் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் ஆபீசராகச் சேர்ந்தேன். பெயிண்ட் அடைக்கிற இருபது லிட்டர் தகர டப்பா செய்வார்கள். தகடு, மூடி, கைப்பிடிக் கம்பி, காது, இவ்வளவுதான் முக்கியச் சரக்கு. காது என்பது டப்பாவின் இரண்டு பக்கமும் வெல்டிங் வைத்து ஒட்டுகிற கட்டைவிரல் அளவுத் தகரத் துண்டு. கைப்பிடியை அதில்தான் மாட்டுவார்கள். டப்பாவிலேயே மலிவான சமாச்சாரம் அதுதான். என்னை அதிகமாகப் படுத்தி எடுத்ததும் அதுதான்.

சேர்ந்த அன்றைக்கே ஜி.எம். ரங்கராஜன் கூப்பிட்டு இரண்டு விதி சொன்னார். சரக்கு இல்லாமல் டப்பா செய்கிற லைன் ஒரு மணி நேரம் நின்றால் என்னை ஓசூர் கோடவுனுக்கு மாற்றிவிடுவார். ஒரு வாரத் தேவைக்கு மேல் சரக்கு சேர்ந்தாலும் ஓசூர்தான். ஓசூர் நல்ல ஊர், குளுகுளு ஊர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் மனைவி வசந்தா ராயபுரத்தில் டீச்சர். மகள் அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு. எனக்கு முன்னால் ஓசூருக்குப் போனவர் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்வதாகக் கேள்வி. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஜி.எம். எழுந்து வந்து தோளில் தட்டிச் சொன்னார்: "கவலைப்படாதீங்க, அங்க குவார்ட்டர்ஸ் இருக்கு."

மஞ்சள் கோடு

ஜப்பான்காரர்கள் ஸ்டோரை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லிக்கொடுக்கப் புனேயிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். வந்த முதல் வேலையாகத் தரை முழுக்க மஞ்சள் பெயிண்டில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். கட்டத்துக்கு ஒரு பொருள். எதுவும் கோட்டைத் தாண்டக்கூடாது. கட்டம் நிறைந்திருந்தால் ஆர்டர் போடக்கூடாது, காலியானால்தான் போட வேண்டும். எளிமையான முறைதான். எங்கள் லோடு இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியான முனுசாமியை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

முனுசாமி இருபது வருஷமாக கிழக்கு வாசல் தூணுக்குப் பக்கத்தில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே அரைமணி படுப்பவர். கடல்காற்று நேராக வந்து இறங்குகிற இடம் அது. இப்போது அந்த இடத்துக்கு 'மூடி' என்று பெயர் எழுதியாகிவிட்டது. மறுநாள் மதியம் ஆலோசகரும் நானும் சுற்றி வந்தபோது, மூடிகள் இருக்க வேண்டிய கட்டத்தில் முனுசாமி துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆலோசகர் முகம் சிவந்துவிட்டது. நான் குனிந்து எழுப்பினேன். அவர் பதறவே இல்லை. எழுந்து உட்கார்ந்து நாலு பக்கமும் கோட்டை ஒருதரம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கோட்டத் தாண்டாதன்னீங்கோ. கால கூட மடக்கிகினுதான சார் படுத்துகினு கீறேன்? இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?"

முதலில் வந்தது

கடற்கரையோரத்தில் தகடு சீக்கிரம் துரு ஏறும். அதனால் பழைய தகட்டுக் கட்டை முதலில் எடுத்துவிட்டு அப்புறம்தான் புதுக் கட்டைத் தொட வேண்டும் என்பது ஆலோசகரின் அடுத்த பாடம். சொல்கிறவருக்கு என்ன? லாரியில் வருகிற புதுக் கட்டு வாசல் பக்கம் இறங்கும். பழையது சுவரோரம் இருக்கும். பழையதை எடுக்க வேண்டுமென்றால் சங்கிலி போட்டு ஐந்து கட்டுகளை நகர்த்த வேண்டும். முனுசாமியின் ஆட்கள் மூன்று நாள் நகர்த்தினார்கள். நாலாவது நாள் வாசலில் இருந்த புதுக் கட்டே போகத் தொடங்கியது.

முனுசாமியை ஸ்டோர் ஆபீசுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினேன். ரேஷன் கடை வரிசையில் நிற்பது போலத்தான் இதுவும், முதலில் வந்தது முதலில் போக வேண்டும், பின்னால் வந்தது பின்னால்தான் போக வேண்டும். முனுசாமி தலையைக் குனிந்து பயபக்தியோடு கேட்டார். பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த மல்லிகாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் "புரிஞ்சுதா?" என்றேன். முனுசாமி என்னைப் பார்த்தார், மல்லிகாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். எனக்கு ஓசூர் பஸ் ஹாரன் அடிப்பது காதில் கேட்டது. "சோக்கா புரிஞ்சுது சார். இந்த ரூமுக்கு மொதல்ல வந்தது நீ. அந்தப் பொண்ணு பின்னாடி வந்துது. அப்போ மொதல்ல போறது நீதான?"

மைனஸ் மூடி

லைன் ஃபோர்மேன் டில்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் ஸ்டோர் வாசலில் வந்து நின்றாலே நான் லெட்ஜரில் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன். ஒருநாள் காலையில் மூடி லோடு வந்தது. டில்லிக்கு அவசரம். லாரியிலிருந்தே நானூறு மூடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், சீட்டும் முறையாகக் கொடுத்தார். மல்லிகா சுறுசுறுப்பான பெண். நானூறு மூடி வெளியே போனதை உடனே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். ஆனால் மூடி உள்ளே வந்ததை ஏற்ற முடியாது. இன்ஸ்பெக்‌ஷன் முடிய வேண்டும். ஆக, கம்ப்யூட்டரின் கணக்குப்படி எங்களிடம் மைனஸ் நானூறு மூடி.

சாயங்காலம் ஜி.எம். அந்தக் கணக்கு அச்சான காகிதத்தோடு என்னைக் கூப்பிட்டார். இல்லாத மூடியை எப்படிக் கொடுத்தேன் என்று கேட்டார். நான் கால்மணி நேரம் விளக்கினேன். விளக்க விளக்க அவருக்கு என்மேல் இருந்த சந்தேகம் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை. சாட்சிக்கு டில்லியை வரச்சொன்னார்கள். டில்லி காகிதத்தை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இல்லாத மூடிய இவரு குட்த்துட்டாரு. நானும் வாங்கி டப்பாக்குப் போட்டு லாரில ஏத்தி அனுப்பிட்டேன். இப்போ அந்த டப்பாங்க மூடிகினு போவுதா, தொறந்துகினு போவுதா சார்?"

மீன் வாசனை

எங்களுக்குக் காது செய்து கொடுத்தவர் வியாசர்பாடி கஸ்தூரி அம்மா. ஒரு ஷெட், மூன்று பிரஸ் மெஷின், ஆறு பெண்கள். போன் செய்து சரக்கு எங்கே என்று எப்போது கேட்டாலும் "கெளம்பிடுச்சு சார்" என்பார். அவருடைய சரக்கு எந்நேரமும் கிளம்பிக்கொண்டே இருக்கும். ஆனால் மூட்டைக்கு ஒரு கை கூடுதலாகத்தான் போடுவாரே தவிர, குறைத்ததே இல்லை. சரக்கைக் கொண்டுவருவது சுந்தரின் மீன்பாடி வண்டி. முன்னால் பெட்டி வைத்து மோட்டார் மாட்டிய மூன்று சக்கர வண்டி. விடியற்காலையில் காசிமேட்டு மீன், பத்து மணிக்கு மேல் எங்கள் காது.

ஒருநாள் பெயிண்ட் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. டப்பாக்களில் மீன் வாடை அடிப்பதாக அவர்களுடைய தரக்கட்டுப்பாட்டு அதிகாரி எழுதியிருந்தார். நான் வரிசையாக நாற்பது டப்பாவுக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் குடித்த காபியில்தான் வஞ்சிரம் அடித்தது. இருந்தாலும் கடிதம் வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? மீன்பாடியை நிறுத்திவிட்டேன். இனி மூடிய டெம்போவில்தான் அனுப்ப வேண்டும் என்று கஸ்தூரி அம்மாவிடம் சொன்னேன். சுந்தருக்கு வருத்தம்தான், ஆனால் கோபப்படவில்லை. "பெயிண்டு டப்பால மீன் வாசன புட்ச்சாரா? அந்த சாரு மூக்குக்கு ஒரு சலாம். ஒண்ணு மட்டும் சொல்றேன் சார், டெம்போ ரோட்லதான் போவும். என் வண்டி ரோடு இல்லாத எடத்துலயும் போவும். மன்சுல வச்சிக்க."

வீட்டு ஸ்டோர்

ஆலோசகரின் பேச்சில் எனக்கும் கொஞ்சம் மயக்கம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறையைச் சோதனை போட்டேன். மூன்று மாதத்துக்குப் புளி இருந்தது. வசந்தாவிடம் மாதச் சாமான் வாங்குவதே தப்பு என்று எடுத்துச்சொன்னேன். டப்பாவுக்கு டப்பா சிவப்புக் கோடு போட்டு, பருப்பு கோட்டுக்கு வந்தால் மட்டும் வாங்கு என்றேன். டப்பா மேல் ஒட்ட அட்டையும் எழுதிக்கொடுத்தேன். வரவு, செலவு, இருப்பு. அவள் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டாள். பேசாமல் இருந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஒரு மாதம் எல்லாம் அழகாக நடந்தது. அப்புறம் ஒருநாள் மீஞ்சூரிலிருந்து என் அக்கா குடும்பம், அஞ்சு பேர், சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். பருப்பு சரியாகச் சிவப்புக் கோட்டில் நின்றது. சர்க்கரை அதற்கும் கீழே. தெருமுனைக் கடையில் ஏதோ விசேஷம் என்று பூட்டு. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, வசந்தா பீரோவைத் திறந்து பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு கிலோ சர்க்கரையை எடுத்தாள். சூட்கேசிலிருந்து துவரம் பருப்பு வந்தது. மகளின் பழைய ஸ்கூல் பையிலிருந்து ரவையும் முந்திரியும். கேசரி கிளறும் வாசனைக்கு நடுவே போய் மெதுவாகக் கேட்டேன், இதையெல்லாம் ஏன் அட்டையில் எழுதவில்லை என்று. கரண்டியை நிறுத்தாமலே சொன்னாள்: "எழுதியிருந்தா நீங்க குறைச்சிருப்பீங்க."

பொந்து

திங்கட்கிழமை தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. இங்கேயும் எல்லாருமே வசந்தாக்கள்தான். எலக்ட்ரீஷியன் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் ட்யூப் லைட் சோக் வைத்திருந்தார். வெல்டர் சாப்பாட்டுக் கூடைக்கு அடியில் கையுறை சேர்த்தார். லைனில் நிற்கிறவர்கள் எல்லாரும், ஒருவர் விடாமல், காது ஒளித்துவைத்திருந்தார்கள். என்னிடம் சீட்டுப் போட்டு முறையாக வாங்குவார்கள். ஆயிரம் வேண்டுமென்றால் ஆயிரத்து ஐம்பது எழுதுவார்கள். அந்த ஐம்பது பொந்துக்குப் போய்விடும். கணக்குப்படி அது செலவான சரக்கு.

ஜி.எம்.மிடம் சொல்லிப் பொது மன்னிப்பு அறிவித்தேன். ஸ்டோர் வாசலில் ஒரு பெட்டி வைத்து, ஒரு வாரத்துக்குள் யார் எதைப் போட்டாலும் கேள்வி கிடையாது என்று எழுதி ஒட்டினேன். வாரக் கடைசியில் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு உடைந்த ஸ்குரூ டிரைவரும், இரண்டு பஸ் டிக்கெட்டும், ஒற்றைச் செருப்பும் கிடந்தன. செருப்பு இடது கால்.

டில்லியிடம் நேராகவே கேட்டுவிட்டேன். ஸ்டோர் என்று ஒன்று எதற்கு இருக்கிறது, என்மேல் நம்பிக்கை இல்லையா என்று. அவர் கோபப்படாமல் பதில் சொன்னார். லைன் நின்றால் முப்பது பேருக்கு அந்த மாத இன்சென்டிவ் போய்விடும். ஸ்கூல் ஃபீஸ், சீட்டுப் பணம் எல்லாம் அதை நம்பித்தான். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது, ஆனாலும் ஒப்புக்கொள்ள மனசில்லை. நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு மேலும் ஒரு வார்த்தை சொன்னார்: "ஸ்டோரு உன்து சார், இல்லங்கல. அவசரம் எங்குள்து."

பதினோராவது மூட்டை

இப்போது நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். டில்லியிடம் அவ்வளவு நியாயம் பேசிய எனக்கும் ஒரு பொந்து இருந்தது. கஸ்தூரி அம்மா மூட்டைக்கு ஒரு கை கூடுதலாகப் போடுவார் என்றேன் அல்லவா? அந்தக் கூடுதலையெல்லாம் எட்டு மாதமாகச் சேர்த்து ஒரு சாக்கு நிரப்பியிருந்தேன். எந்தக் கணக்கிலும் இல்லாத காதுகள். லைன் நிற்கப்போகிற நாளில் என்னை ஓசூரிலிருந்து காப்பாற்ற அந்த ஒரு மூட்டை போதும். யார் கண்ணிலும் படக்கூடாது என்று நன்றாக யோசித்து, அதன் வாயைக் கட்டி, 'ஸ்கிராப்' என்று அட்டை எழுதி, கழிவுத் தகரம் கிடக்கிற மூலையில் மற்ற மூட்டைகளுக்கு நடுவே வைத்தேன். கழிவை யார் திருடப்போகிறார்கள்? என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. பொங்கலுக்கு முந்தைய பெரிய ஆர்டர், சாயங்காலத்துக்குள் லாரி கிளம்ப வேண்டும். அன்றைக்குப் பார்த்து இருப்புக் கணக்கெடுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் பேடும் பேனாவுமாக வந்திருந்தார். பதினொரு மணிக்குக் கஸ்தூரி அம்மாவிடமிருந்து போன். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் டிரெய்லர் குறுக்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது, பின்னால் டிரெய்லர் வரிசை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, நடுவில் எங்கள் காதுகளோடு டெம்போ. வாழ்நாளில் முதல்முறையாக அவர் "கெளம்பிடுச்சு சார்" என்று சொல்லவில்லை. "நின்னுடுச்சு சார்" என்றார். லைனில் இருந்த காது இன்னும் அரைமணி நேரத்துக்குத்தான் தாங்கும்.

எனக்குப் பதற்றமே வரவில்லை. என்னிடம்தான் மூட்டை இருக்கிறதே! மிதப்பாக நடந்து மூலைக்குப் போனேன். மூலை சுத்தமாகப் பெருக்கிக் கிடந்தது. மஞ்சள் கோடு பளிச்சென்று தெரிந்தது. போன வெள்ளிக்கிழமை யானைக்கவுனி பழைய இரும்பு வியாபாரி வந்து ஸ்கிராப் எடுத்துப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேட் பாஸ் புத்தகத்தைப் புரட்டினேன். 'ஸ்கிராப், மூட்டை பதினொன்று', கீழே என் கையெழுத்து. பத்து மூட்டைதானே இருக்க வேண்டும் என்று கையெழுத்துப் போடும்போது எனக்குத் தோன்றவே இல்லை. வியாபாரிக்குப் போன் போட்டேன். எல்லாம் உருக்குவதற்குப் போயாகிவிட்டது. பதினோராவது மூட்டையைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது: "பிரிச்சுப் பாத்தப்பவே எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு சார், எல்லாம் புத்தம் புதுசு. ஆனா கையெழுத்து உங்களோடது ஆச்சே, பெரியவங்க காரணமில்லாம செய்ய மாட்டாங்கன்னு விட்டுட்டேன்."

பிஸ்கட் டின்

நேராக டில்லியிடம் போனேன். கெத்தெல்லாம் விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன். மூட்டை சேர்த்தது, அட்டை எழுதியது, கையெழுத்துப் போட்டது, ஓசூர், வசந்தா, மகள் எல்லாவற்றையும். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். டில்லிக்கு முதலில் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெல்டிங் மெஷினைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார்.

அதன் பிறகு நடந்ததை நான் இதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எங்கெங்கிருந்தோ காதுகள் வரத் தொடங்கின. டிபன் கேரியரில் வந்தன. தலைக்கவசத்தில் வந்தன. ஃபயர் பக்கெட்டில் மணலுக்கு அடியிலிருந்து ஒரு பை வந்தது. சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலம், அதில் கொஞ்சம் விபூதியும் ஒட்டியிருந்தது. டில்லியின் லாக்கரில் சட்டை வைக்க இடமே இல்லை, எல்லாம் காது. முனுசாமி தன் தூணுக்குப் பக்கத்தில் தலைக்கு வைத்துக்கொள்கிற மூட்டையை அவிழ்த்தார். இத்தனை நாள் அவர் தலையணையில் நானூறு காது இருந்திருக்கிறது. லைனுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. எதற்கு என்று கேட்டதற்கு, எல்லாரும் வைக்கிறார்களே என்றார். கணக்கெடுக்க வந்த அம்மாள் பேனாவை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

லைன் ஓடியது. பன்னிரண்டு ஓடியது, ஒன்று ஓடியது, இரண்டும் ஓடியது. மூன்று மணிக்கு எல்லாப் பொந்தும் காலி. கடைசி இரண்டு காதும் டப்பாவில் ஏறின, லைன் நின்றது. அப்படி ஒரு அமைதியை அந்தக் கட்டிடத்தில் நான் கேட்டதே இல்லை. அந்த அமைதியில் ஜி.எம். ரங்கராஜன் படியிறங்கி வந்தார். காது வைக்கிற காலி டிரேயைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பித் தன் அறைக்குப் போனார். மாற்றல் உத்தரவை டைப் அடிக்கத்தான் போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. டில்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். வசந்தாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் வாக்கியம் அமைக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஜி.எம். திரும்பி வந்தபோது அவர் கையில் காகிதம் இல்லை. துருப்பிடித்த ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது. டிரேயில் கவிழ்த்தார். நூற்றைம்பது, இருநூறு காது இருக்கும், பழைய மாடல், ஆனால் அளவு அதேதான். அந்த டின் தீர்வதற்குள் வெளியே ஒரு மோட்டார் சத்தம் கேட்டது. கஸ்தூரி அம்மா சொன்னதன்பேரில் டெம்போவிலிருந்து சரக்கை மாற்றிக்கொண்டு, டிரெய்லர்களின் இடுக்கிலும் சாக்கடைப் பலகை மேலும் ஓட்டிக்கொண்டு, சுந்தரின் மீன்பாடி கேட்டுக்குள் நுழைந்தது. லைன் நின்றது மொத்தம் ஏழு நிமிடம். எல்லாரும் டின்னையும் ஜி.எம்.மையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் டின்னைத் தட்டித் தூசியைக் கொட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "இதே லைன்ல எட்டு வருஷம் ஃபோர்மேனா இருந்தவன்யா நான். ஸ்டோர்காரனை நம்பியா இருந்திருப்பேன்?"

டேலி

மறுநாள் கணக்கெடுப்பு முடிந்து எல்லாரும் ஜி.எம். அறையில் உட்கார்ந்தோம். தகட்டில் இரண்டு கட்டு வித்தியாசம். மூடியில் வித்தியாசம். கம்பியில் இருந்த வித்தியாசத்தை இங்கே சொல்ல வேண்டாம். எண்ண வந்த அம்மாள் காதுக்கு வந்தபோது ஒருமுறைக்கு இருமுறை தாளைச் சரிபார்த்தார். செவ்வாய்க்கிழமை மூன்று மணி நிலவரப்படி கம்ப்யூட்டரில் பூஜ்யம், தரையில் பூஜ்யம். பொந்துகளில் இருந்ததெல்லாம் எப்போதோ செலவு எழுதின சரக்குதானே! என் மூட்டையோ வரவே எழுதப்படாதது. ஜி.எம். இரண்டு விரலை நீட்டினார். சரக்கு ஒரு வாரத்துக்கு மேல் சேரவில்லை. லைன் ஒரு மணி நேரம் நிற்கவில்லை. இரண்டு விதியும் காப்பாற்றப்பட்டுவிட்டன. புனே ஆலோசகர் இதைக் கேள்விப்பட்டு நெகிழ்ந்துபோய், எங்கள் தொழிற்சாலையை மற்ற ஊர்களில் உதாரணமாகக் காட்டத் தொடங்கினார். கையிருப்பே இல்லாமல் லைனை ஓட்டியவர்கள் என்று.

சுந்தரை மறுபடி வேலைக்கு வைத்துக்கொண்டேன். சரக்கு வைக்கும் பெட்டியைத் தினமும் சீயக்காய் போட்டுக் கழுவ வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சமையலறை டப்பாக்களில் ஒட்டியிருந்த அட்டைகளைக் கிழித்தேன். வசந்தா குப்பைக்கூடையை எடுத்து வந்து நீட்டினாள்.

வியாழக்கிழமை காலை டில்லி ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். முதல்முறையாக நான் லெட்ஜரில் தலையைக் கவிழ்க்கவில்லை. கையிலிருந்த சீட்டை என் மேஜைமேல் வைத்தார். காது, ஆயிரத்து இருநூறு. அன்றைக்கு அவருக்குத் தேவை ஆயிரம்தான் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், மல்லிகாவுக்கும் தெரியும். நான் பேனாவைத் திறந்தேன். டில்லி குனிந்து காதருகே மெதுவாகச் சொன்னார்: "எல்லா பொந்தும் காலியா கீது சார். இதுல ஒரு நூறு உன்து. ஆனா நீ வைக்காத, என் லாக்கர்ல நானே வச்சிக்கிறேன். நீ வச்சா எட்த்துகினு போயி எடைக்குப் போட்ருவ."

பதினேழு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வரவும் செலவும் எழுதிக் கிழித்த எனக்குக் கடைசியில் தெரிந்ததெல்லாம், என்னை ஓசூருக்கு அனுப்பாமல் ராயபுரத்தில் குடும்பத்தோடு வைத்திருந்தது நான் ஒருநாளும் கணக்கில் ஏற்றாத சரக்குதான் என்பது.